தாய்மாரே கவனம்: பிள்ளையை நித்திரையாக்கித் தாறம் எண்டு 34,500 ரூபா எடுத்துப்போட்டினம்

நேற்று ராத்திரிதான் காசு வாங்கின அந்த நம்பர் என்னை பிளொக் பண்ணினது. கோவம் ஆற முதல் எழுதிப்போடவேணும். 34,500 ரூபா. கொக்குவில்ல வாடகை வீட்டில இருக்கிற எங்களுக்கு அது சின்னக் காசில்லை.

மகனுக்கு அஞ்சு மாசம். நாலு மாசம் வரைக்கும் ஓரளவு நித்திரை கொண்டவன், பிறகு மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பத் தொடங்கினான். இவருக்குக் கிளிநொச்சியில வேலை, சனி ஞாயிறுதான் வீட்டில. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், ராவில எழும்பி ஏணை ஆட்ட ஏலாது. ஆரிட்டயாவது சொன்னா, "பிள்ளை எண்டா அழும்தானே, நாங்களெல்லாம் வளக்கேல்லையோ" எண்டுவினம். ஒருநாள் அடுப்பில பால் பொங்கி ஊத்துறதைப் பாத்துக்கொண்டே நிண்டனான். நெருப்பைக் குறைக்கவேணும் எண்டு மனசுக்குப் படேல்லை. அந்த நிலைமையிலதான் போன்ல அந்தப் பக்கம் கண்ணில பட்டது.

பிள்ளையை அழவிடாமல் மென்மையான நித்திரைப் பயிற்சி, தாயின்ர மனநலத்தையும் சேர்த்துப் பாப்பம், 14 நாளில மாற்றம் இல்லையெண்டா முழுக்காசும் திருப்பித் தருவம் எண்டு போட்டிருந்தது. எழுதிக் கேட்டன். பத்து நிமிசத்தில ஒரு பொம்பிளையின்ர வொய்ஸ் மெசேஜ் வந்தது. எங்கட ஊர்த் தமிழ். முதல் கேட்டது இதுதான்: "தங்கச்சி, நீங்க இண்டைக்குச் சாப்பிட்டனீங்களோ?"

பிள்ளை குடிச்சானோ, பிள்ளை வெளிய போனானோ எண்டு இந்த அஞ்சு மாசமா எல்லாரும் கேக்கினம். நான் சாப்பிட்டனோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. அந்த வொய்ஸை மூண்டு தரம் போட்டுக் கேட்டு அழுதன். அடுத்தநாள் விடிய முதல் வேலையா வங்கிக்குப் போய் மெஷின்ல 34,500 ரூபாயும் போட்டன். மகனுக்குப் பஞ்சாயுதம் செய்ய எண்டு கனடா அக்கா அனுப்பி, நாங்கள் சேர்த்து வைச்சிருந்த காசு அது. பிள்ளைக்குச் சேர வேண்டியதைத் தூக்கிக் குடுத்திட்டன்.

வந்தது 11 பக்க பிடிஎஃப். தமிழ் வாசிக்கவே ஏலாது, மெஷினில போட்டு மாத்தினது எண்டு முதல் பக்கத்திலயே தெரியும். பிள்ளையைத் தனி அறையில விடவேணுமாம். எங்களுக்கு இருக்கிறதே ரெண்டு அறை. அறை வெக்கை 20 பாகைக்கு மேல போகக்கூடாதாம். இந்த வெயிலில, ஒரு ஃபான் மட்டும் சுத்துற யாழ்ப்பாண வீட்டில எப்பிடி முடியும்? ஒவ்வொரு நாளும் கதைப்பம் எண்டவ, மொத்தம் ரெண்டு தரம்தான் எடுத்தவ.

நாலாம் நாள் ஒரு மெசேஜ். "ராத்திரிப் பாலை நிப்பாட்டுங்கோ. எழும்பினா கரண்டியால தண்ணி குடுங்கோ, தானா மறந்திடுவான்." ரெண்டு இரவு அப்பிடிச் செய்தன். காசு போனதை விட இதைத்தான் என்னால தாங்க ஏலாமல் கிடக்கு. தண்ணியைக் குடிச்சிட்டு என்ர முகத்தைப் பாத்துப் பாத்து அழுதவன்.

அந்தக் கிழமை கிளினிக். நிறுத்துப்போட்டு மிட்வைஃப் மிஸ் என்ன குடுக்கிறனீங்கள் எண்டு கேட்டா. சொன்னன். "ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான் பிள்ளை, தண்ணியும் வேண்டாம். சின்ன வயிறு, தண்ணியால நிரம்பினா பால் குடிக்கமாட்டான்" எண்டு ஏசினா. பிறகு பக்கத்தில இருத்தி ஆறுதலாக் கதைச்சா. நாலு மாசத்துக்குப் பிறகு பிள்ளையின்ர நித்திரை மாறுமாம், இடையில லேசா முழிக்கிற நேரம் முழுசா எழும்பிவிடுவினமாம். இந்த வயசில ராவில பாலுக்கு எழும்புறது வழமையாம். ஒவ்வொரு இரவும் ஒரே ஒழுங்கில செய்யச் சொன்னா: உடம்பு துடைச்சு, லைட்டைக் குறைச்சு, பால் குடுத்து, தாலாட்டுப் பாடி, கண் சொருகிற நேரம் முழு நித்திரையாக முதல் படுக்கையில வைச்சுத் தட்டிக்குடுக்கிறது. மல்லாத்தித்தான் கிடத்தவேணும், தலைகாணி வேண்டாம். முனகினவுடன தூக்காமல் கொஞ்சம் பொறுத்துப் பாக்கட்டாம், சில நேரம் நித்திரையிலதான் சிணுங்குவினமாம். எனக்கும் தாய்மாரின்ர மனச்சோர்வைக் கண்டுபிடிக்கிற, 10 கேள்வி இருக்கிற ஒரு தாளைத் தந்து நிரப்பச் சொன்னா. சனி ஞாயிறில ஒரு இரவாவது தகப்பன் பிள்ளையைப் பாக்க, நான் நாலு மணித்தியாலம் விடாமல் படுக்கவேணும் எண்டும் சொன்னா. ஒரு சதமும் குடுக்கேல்லை. இதுக்கோ நான் 34,500 குடுத்தனான்!

14 நாள் முடிய காசைக் கேட்டன். "எங்கட டீமிட்டச் சொல்லியிருக்கிறன் தங்கச்சி." ரெண்டு நாள் கழிச்சு, "கணக்குப் பாக்கிறவர் லீவு." பிறகு, "நீங்க பிளானை ஒழுங்காச் செய்யேல்லை, ராவில பால் குடுத்திட்டீங்கள், அதால ரிஃபண்ட் இல்லை." முழுக்காசும் தருவம் எண்டு போட்டிருந்ததைப் போட்டோ எடுத்து அனுப்பினன். "இவ்வளவு கோவப்படுற தாயிட்ட பிள்ளை எப்பிடி நிம்மதியா நித்திரை கொள்ளும்?" எண்டு எழுதினா. சாப்பிட்டனீங்களோ எண்டு கேட்ட அதே பொம்பிளை. அதோட பிளொக்.

தாய்மார் என்னென்ன பாக்கவேணும் எண்டு விவரமா எழுதத்தான் தொடங்கினனான், இப்ப ஏலாமல் கிடக்கு. தனி ஆளின்ர பேருக்கு காசு போடச் சொன்னா போடாதேங்கோ. ஆறு மாசத்துக்குள்ள தண்ணி குடு, பாலை நிப்பாட்டு எண்டு ஆர் சொன்னாலும் முதல் மிட்வைஃபிட்டக் கேளுங்கோ. மெசேஜ், ரிசீற் ஒண்டையும் அழிக்காதேங்கோ. பாவனையாளர் அதிகார சபைக்கு 1977, இணைய மோசடிக்கு 101. மனசு சரியில்லையெண்டா 1926க்கு எடுங்கோ, இப்பிடியான ஆக்களிட்டப் போகாதேங்கோ.

14 நாள், முழுக்காசும் திருப்பித் தருவம் எண்டு சொன்ன இதே மாதிரிப் பக்கத்துக்கு வேற ஆராவது காசு போட்டிருந்தா எனக்குச் சொல்லுங்கோ. திங்கக்கிழமை நான் முறைப்பாடு குடுக்கப் போறன், சேர்ந்து குடுப்பம்.