விஆர் விளையாட்டு என்று அழைத்து ஆடும் நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள்: பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் கவனத்திற்கு

சென்னையில் ஒரு பெரிய வணிக வளாகத்தின் மேல்தளத்தில் இயங்கும் கேம் ஜோனில், விஆர் (கணினி காட்டும் மெய்நிகர் உலகத்துக்குள் இருப்பதுபோல் ஆடும்) விளையாட்டு என்ற பெயரில் பணம் வாங்கிக்கொண்டு, விளம்பரத்தில் காட்டியதற்குத் தொடர்பே இல்லாத ஒன்றை எனக்கும் என் அக்கா மகனுக்கும் தந்தார்கள். அதையும் ஒரு சிறுவனின் உடல்நலத்தைப் பற்றிய அக்கறை சிறிதும் இன்றித் தந்தார்கள். பள்ளி விடுமுறையில் இத்தகைய இடங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காக நடந்ததை விரிவாக எழுதுகிறேன்.

வாசலில் ஆளுயரத்திற்கு ஒரு பதாகை இருந்தது. கண்களை மூடும் திரைக்கருவியான ஹெட்செட்டை அணிந்த ஒரு பையன் நின்றபடியே இரு கைகளிலும் கண்ட்ரோலர் எனும் கைக்கருவிகளைப் பிடித்துக்கொண்டு, தன்னை நோக்கிப் பறந்துவரும் கட்டைகளை ஒளிவாள்களால் வெட்டுவதுபோல் அதில் படம் போட்டிருந்தார்கள். பீட் சேபர் என்ற அந்த விளையாட்டை யூடியூபில் பார்த்துப் பார்த்து, ஒருமுறையாவது ஆடிவிட வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்த பதினொரு வயதுப் பையனை உள்ளே இழுக்க அந்தப் படமே போதுமானதாக இருந்தது. எங்கள் இருவருக்குமே விஆர் அதுதான் முதல்முறை.

ஒரு விளையாட்டுக்கு மட்டும் பணம் கட்டி ஆட அங்கே வழி கிடையாது. முதலில் 100 ரூபாய்க்குக் கார்டு வாங்க வேண்டும், அந்தத் தொகை திரும்ப வராது. பிறகு அதில் குறைந்தது 500 ரூபாய் ரீசார்ஜ் செய்ய வேண்டும். விஆருக்கு ஆளுக்கு 200 ரூபாய் என்பதால் இருவருக்கும் 400 போக 100 ரூபாய் மிஞ்சியது. மற்ற விளையாட்டுகளின் கட்டணமோ 120 ரூபாயில்தான் தொடங்கியது. பில் கேட்டதற்கு, ரீசார்ஜ் தொகை மட்டும் அச்சிட்ட ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்தார்கள். எந்தச் சேவைக்காக வாங்கிய பணம் என்றோ, திருப்பித் தருவது பற்றிய நிபந்தனை என்ன என்றோ அதில் ஒரு வரிகூட இல்லை.

உள்ளே சென்றதும் எங்களை நிற்க வைத்து விளையாட விடவில்லை. முட்டை வடிவத்தில், இருவர் அருகருகே உட்காரக்கூடிய ஒரு நாற்காலியில் ஏற்றி, பெல்ட் மாட்டினார்கள். கையில் கண்ட்ரோலர் எதுவும் தரவில்லை. கேட்டபோது, "இதுவும் விஆர் தான் சார், அப்படியே ரியலா இருக்கும்" என்பதே பதிலாகக் கிடைத்தது. ஹெட்செட்டுக்குள் ஓடியது ரோலர் கோஸ்டரில் போவதுபோன்ற ஒரு படம். அதற்கேற்ப நாற்காலி முன்னும் பின்னும் சாய்ந்தது. படத்தில் தெரிந்த கைப்பிடியைப் பிடிக்க என் அக்கா மகன் கையை நீட்டினான். அவனுடைய கை அந்த உலகத்தில் தெரியவே இல்லை. நாம் எதைச் செய்தாலும் அந்தப் படம் மாறாது. இதை விளையாட்டு என்று சொல்லி விற்பதைத்தான் நான் ஏமாற்று என்கிறேன்.

உண்மையான விஆர் விளையாட்டில், தலை திரும்புவதோடு உடல் முன்னே நகர்வதையும், பக்கவாட்டில் ஒதுங்குவதையும், குனிவதையும் கருவி கண்டறிந்து, அதற்கேற்பக் காட்சியை மாற்றித் தரும். இத்தகைய நாற்காலிகள் பலவற்றில் தலையைத் திருப்புவது மட்டுமே கணக்கில் வரும். வேறுபாட்டை அறிய எளிய வழி இருக்கிறது: ஹெட்செட் அணிந்தபின் ஒரு பொருளை நோக்கித் தலையை முன்னே நீட்டிப் பாருங்கள். அந்தப் பொருள் நெருங்கி வந்தால் சரி. நீங்கள் நகர்ந்த அளவுக்கு அதுவும் விலகிப்போனால், நீங்கள் பார்ப்பது சுற்றிலும் ஒட்டிய ஒரு படத்தை மட்டுமே. நின்று ஆடும் விளையாட்டுக்கு இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் அளவுக்காவது தடையில்லாத இடம் வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் பரிந்துரைக்கிறார்கள்; அப்படியோர் இடமே அந்தக் கடையில் இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

ஏமாற்றத்தைவிட என்னை அதிகம் வருத்தியது ஹெட்செட்டை அவர்கள் மாட்டிய விதம். எங்களுக்கு முன் ஆடியவரின் வியர்வையில், ஹெட்செட்டின் உள்விளிம்பில் முகம் படும் முகப்பஞ்சு ஈரமாகவே இருந்தது. அதைத் துடைக்காமல், மேலே ஒரு காகித உறைகூடப் போடாமல், அப்படியே பையனின் முகத்தில் பொருத்தினார்கள். பெரியவர்களுக்கான அளவில் இருந்ததால் மூக்குக்குக் கீழே சரிந்தது. உடனே பின்னாலிருந்து பட்டையை இறுக்கினார்கள். எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று அவன் சொன்னபோது, "போகப்போகச் சரியாயிடும் தம்பி" என்று சொல்லிவிட்டு மோட்டாரை ஓடவிட்டார்கள்.

அது தானாகச் சரியாகும் விஷயம் அல்ல. இரண்டு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரம் பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மில்லிமீட்டர் இருக்கும். பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. லென்ஸ்களின் இடைவெளியை அதற்கேற்ப மாற்றாவிட்டால் காட்சி மங்கும், இரட்டையாகத் தெரியும், தலை வலிக்கும். 2020இல் வந்த குவெஸ்ட் 2 என்ற விஆர் ஹெட்செட்டில்கூட 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்று நிலைகள் உண்டு. ஒரு நொடியில் செய்யக்கூடிய அந்த மாற்றத்தைச் செய்ய அந்த ஊழியருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை போலும். அவரையும் குறை சொல்லி என்ன பயன், பயிற்சி கொடுக்க வேண்டியது நடத்துகிறவரின் பொறுப்பு.

இத்துடன் தலைசுற்றலும் சேர்ந்துகொண்டது. கண் ஓடுகிறோம் என்று சொல்ல, உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு அதற்கு ஒத்துப்போகாதபோது குமட்டல் வருகிறது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறும்போது புத்தகம் படித்தால் வருமே, கிட்டத்தட்ட அதே கோளாறுதான். நாற்காலியின் அசைவு படத்திற்குச் சற்றுப் பின்தங்கி வந்ததால் நிலைமை இன்னும் மோசமானது. பையன் நிறுத்தச் சொல்லிக் கத்தினான். நான் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், எங்களை ஏற்றிவிட்ட ஊழியர் தூரத்தில் வேறொரு இயந்திரத்துக்குக் கார்டு தேய்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கைக்கு எட்டும்படி நிறுத்தும் பொத்தான் எதுவும் இல்லை. அவர் ஓடிவந்து நிறுத்துவதற்குள் பையன் வாந்தி எடுத்துவிட்டான்.

பணத்தைக் கேட்டேன். கார்டில் போட்டது திரும்ப வராது என்றும், மீதியில் வேறு கேம் ஆடிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். அந்த மீதியில் ஆட எந்த கேமும் இல்லை என்பதை எடுத்துச்சொன்னபோது, மேலும் ரீசார்ஜ் செய்யச் சொன்னார்கள்! உடல்நிலை கெட்ட ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்பவரிடம் இப்படிப் பேச எப்படி மனம் வந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

வயதைக்கூட அவர்கள் யாரிடமும் கேட்கவில்லை. ஐந்தாறு வயதுக் குழந்தைகளும் எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். குவெஸ்ட் கருவிகளுக்கு 10 வயதும், பிளேஸ்டேஷன் விஆர் 2க்கு 12 வயதும் ஆகியிருக்க வேண்டும் என்று அவற்றைத் தயாரிப்பவர்களே வரையறுத்திருக்கிறார்கள். வலிப்பு நோய், இதயக் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், உடலில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அணியக்கூடாது என்றும் எச்சரிக்கிறார்கள். இவற்றில் எதையும் சொல்லும் ஒரு பலகைகூட அங்கே இல்லை.

ஆகவே கார்டு வாங்குவதற்கு முன்பே உள்ளே சென்று, பதாகையில் உள்ள விளையாட்டைத்தான் தருகிறார்களா, கண்ட்ரோலர் உண்டா, லென்ஸ் இடைவெளியை மாற்றத் தெரிந்தவர் இருக்கிறாரா, ஒவ்வொருவருக்குப் பின்னும் முகப்பஞ்சைத் துடைக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். பதாகையையும் கட்டணப் பலகையையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆடியபின் தலை சுற்றினால், அது முற்றிலும் நீங்கும்வரை வண்டி ஓட்ட வேண்டாம்.

"பணம் திரும்பத் தரப்படாது" என்று வாயால் சொல்லிவிட்டால் விவகாரம் முடிந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் கொடுக்காமல் இருப்பதும், குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை, பில்லில் காலவரையறை இல்லாதபட்சத்தில் 30 நாள்களுக்குள் திருப்பித் தர மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறைகள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் நான் புகார் பதிந்தேன். அதன்பிறகு கடையிலிருந்து அழைத்து, கார்டில் மிஞ்சிய 100 ரூபாயை மட்டும் அனுப்பினார்கள். விஆருக்கு வாங்கிய 400 ரூபாயையும் கார்டுக்கான தொகையையும் தர மறுக்கிறார்கள். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது என்பதால், பதாகையின் படத்தையும் துண்டுச்சீட்டையும் இணைத்து அங்கே மனு கொடுக்க ஏற்பாடு செய்து வருகிறேன்.