ஐந்நூறு ரூபாய் நோட்டு மின்னினால் யுவிபி வருகிறது என்று அர்த்தமில்லை

கடலூர், பாண்டிப் பக்கம் யாராவது பியர்டட் டிராகன் என்கிற தாடி ஓணான் வாங்கி, அதற்கு லைட், ஹீட்டிங் எல்லாம் வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தால், பஸ் ஏறுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பாண்டியில் ஒரு பெட் கடையில் 11,800 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய 'முழு செட்'டில் இன்றைக்கு அந்த ஓணானுக்குப் பயன்படுவது கண்ணாடித் தொட்டி மட்டும்தான். கடைப் பெயரைக் கேட்காதீர்கள், போட மாட்டேன். இதே பல்பை இதே பேச்சோடு விற்கிற கடை அது ஒன்று மட்டும் இல்லை.

எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பெரியவர். தாடி இருக்கிறதே என்று தங்கை வைத்த பெயர். அப்பா முதல் நாளே வேறு சொன்னார்: "வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதையா இருக்கு, அதையும் காசு குடுத்து வேற வாங்கியிருக்க." அப்போது சிரித்தேன்.

2024 ஆகஸ்டில் வாங்கினேன். கடைக்காரர் எடுத்து வைத்தது இவ்வளவு: மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, ஊதா நிறத்தில் எரியும் சுருள் பல்பு ஒன்று, 150 வாட் ஹீட் பல்பு ஒன்று, ராத்திரிக்கு என்று ஒரு சிவப்பு பல்பு, பிளக்கில் செருகினால் சூடாகிற ஒரு செயற்கைக் கல், கண்ணாடியில் ஒட்டுகிற வட்டத் தெர்மாமீட்டர். ஊதா பல்புதான் யுவிபி, அதாவது ஓணானுக்கு வேண்டிய புற ஊதாக் கதிரைத் தருவது என்றார். நானும் கொஞ்சம் படித்துவிட்டுப் போனவன்தான், "நிஜமா யுவிபி வருமாண்ணே?" என்று கேட்டேன். மனிதர் கல்லாவிலிருந்து ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்தார், கடை லைட்டை அணைத்தார், நோட்டை அந்தப் பல்புக்குக் கீழே காட்டினார். நம்பர் பளிச்சென்று மின்னியது. நூலிழை மாதிரி அங்கங்கே சின்னச் சின்னக் கோடுகள் வேறு. "பாத்தீங்களா தம்பி? யுவி வரலைன்னா இது மின்னுமா?" பிளஸ் டூவில் பிசிக்ஸில் 200க்கு 181 வாங்கிய நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்து, ஜிபே பண்ணிவிட்டு வந்தேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் வினை. நோட்டை மின்ன வைப்பது யுவிஏ, புற ஊதாவில் இன்னொரு வகை. சுமார் 320 முதல் 400 நானோமீட்டர் வரை உள்ள ஒளி அது. ஓணானின் தோலில் வைட்டமின் டி3 உருவாவதற்கு வேண்டியது அதற்கும் கீழே, 290க்கும் 315க்கும் இடையில் இருக்கிற யுவிபி. நோட்டு பார்க்கிற ஊதா பல்பில் அது கிடையாது. டி3 இல்லாவிட்டால் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது, அப்புறம் இரையின் மேல் எவ்வளவு கால்சியம் பவுடர் தூவினாலும் பாதி வீண்தான். நான் அவர் கொடுத்த பவுடரை ஒருநாள் விடாமல் தூவிக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அக்டோபர் நடுவில் பெரியவர் சரியாகச் சாப்பிடவில்லை. விரல்கள் தானாக நடுங்கின. ஒருநாள் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகர்ந்ததைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கடைக்குப் போன் போட்டேன். "புது இடம் தம்பி, பயந்திருக்கும், ஜன்னல் ஓரமா வைங்க, வெயிலும் சேந்து கிடைக்கும்." அதையும் செய்தேன். கண்ணாடி யுவிபியை உள்ளே விடாது. உள்ளே போவது சூடு மட்டும்தான். அதாவது சத்து எதுவும் போகாமல், தொட்டியை மட்டும் அடுப்பாக்கியிருக்கிறேன்.

ஊர்வன பார்க்கிற டாக்டரைத் தேடிக் கண்டுபிடிக்கவே நாலு நாள் ஆனது. எக்ஸ்ரேயில் எலும்பு வெளிறிக் கிடந்தது. தாடையை விரலால் லேசாக அழுத்திக் காட்டினார், ரப்பர் மாதிரி அமுங்கியது. வெயில் படாத குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் வரும் இல்லையா, கிட்டத்தட்ட அதுதான் இது என்றார். வயிற்றைத் திருப்பிப் பார்த்தவர் என்னையும் ஒரு பார்வை பார்த்தார். வயிற்றில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் காய்ந்த புண். சூட்டுக்கல்லின் வேலை. இந்த ஓணான்கள் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டிலிருந்து வந்தவை, அவற்றுக்குச் சூடு என்றால் மேலேயிருந்து, சூரியனிடமிருந்து வருவது. அடிவயிறு வெந்துபோகிற அளவுக்குச் சூடானாலும் எழுந்து போகத் தெரியாமல் அப்படியே படுத்திருக்கும். வீட்டில் அந்தக் கல் இருந்தால் இப்போதே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

லாசுப்பேட்டையில் இகுவானா வளர்க்கிற நண்பர் ஒருவரிடம் சோலார்மீட்டர் 6.5 இருந்தது. யுவி இண்டெக்ஸ், அதாவது புற ஊதாக் கதிரின் வலுவை அளக்கிற கருவி. பெரியவர் வெயில் காய்கிற இடத்தில் 3 முதல் 5 வரை காட்ட வேண்டும். அந்த ஊதா பல்பை மீட்டருக்கு நாலு விரல் தூரத்தில் பிடித்தோம். 0.0. பேட்டரி போயிருக்குமோ என்று மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் வெயிலில் காட்டினோம், உடனே நம்பர் ஏறியது. கீழே வந்து மறுபடி பல்பு. 0.0. இரண்டரை மாதம், தினம் 12 மணி நேரம், அந்தப் பூஜ்யத்துக்குக் கீழேதான் அது படுத்திருந்திருக்கிறது.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கிளறிப் பார்த்தோம். கண்ணாடியில் ஒட்டிய வட்டத் தெர்மாமீட்டர் 33 டிகிரி காட்டிக்கொண்டிருந்தபோது, 150 வாட் பல்புக்கு நேர் கீழே இருந்த கட்டையை இன்ஃப்ராரெட் கன்னில் பார்த்தால் 54. இருக்க வேண்டியது 38 முதல் 42. (கொரோனா சமயத்தில் வாங்கிய நெற்றி கன் இதற்கு ஆகாது, உடம்புச் சூடு அளவோடு நின்றுவிடும். ஏசி மெக்கானிக்குகள் வைத்திருக்கிற ரகம் வேண்டும்.) அவ்வளவு சூட்டுப் பல்பை மாட்டக் கொடுத்தது சாதா பிளாஸ்டிக் ஹோல்டர். ஒரு மாதமாக அறையில் லேசாக ஏதோ தீயும் வாடை வந்தது, நான் அதை ஊதுபத்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஹோல்டரைக் கழற்றிய எலக்ட்ரீசியன் அண்ணன், "வீடு தப்பிச்சுது, போ" என்று சொல்லிவிட்டு அதைக் குப்பையில் எறிந்தார். பீங்கான் ஹோல்டர் கடலூர் லாரன்ஸ் ரோட்டில் எந்த எலக்ட்ரிக் கடையிலும் கிடைக்கும், சில்லறைக் காசு.

சிவப்பு பல்பு இன்னொரு கூத்து. ஓணானுக்குச் சிவப்பு தெரியாது என்று சொல்லி விற்றார். நன்றாகவே தெரியும், தூக்கம்தான் கெடும். அதோடு நம்ம ஊருக்கு ராத்திரிச் சூடு எதற்கு? 18 டிகிரி வரைக்கும் அது தாங்கும். நவம்பர் 30 பெஞ்சல் புயல் வந்தபோது எங்கள் தெருவில் ஒன்றரை நாள் கரண்ட் இல்லை. கொட்டுகிற மழையில்கூட வீட்டுக்குள் 23க்குக் கீழே இறங்கவில்லை. அந்த இரண்டு நாளும் இரை மட்டும் போடவில்லை, சூடு இல்லாமல் அதற்குச் செரிக்காது. மற்றபடி பெரியவர் எங்கள் எல்லோரையும்விட நிம்மதியாகத் தூங்கினார்.

'கடலூர் வெயிலுக்கு ஹீட்டரா?' என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாதி சரிதான். ஆனால் அதற்கு வேண்டியது ஒரே மாதிரியான புழுக்கம் இல்லை. ஒரு மூலை 40, எதிர் மூலை 25 முதல் 29, நடுவில் தன் இஷ்டத்துக்குப் போய் வர வேண்டும். கத்திரி வெயிலில் பெரிய வேலையே எதிர் மூலையைக் குளிர்ச்சியாக வைப்பதுதான். 150 வாட்டை இங்கே விற்றதே தப்பு. இப்போது செங்கல் ஒன்றின் மேல் 50 வாட் ஹாலோஜன், சூடு ஏறினால் தானாகக் குறைக்கிற டிம்மர் தெர்மோஸ்டாட்டோடு. அதே மூலையில் இரண்டடி நீளத்துக்கு 12 சதவீத யுவிபி என்று போட்ட டி5 (மெல்லிய ரக) டியூப், முதுகிலிருந்து ஓரடி உயரத்தில், நடுவில் கண்ணாடி இல்லாமல். வலை மூடி இருந்தால் அதுவே மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். டியூபை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன், எரிந்துகொண்டிருந்தாலும். கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், யுவிபி குறைந்திருக்கும்.

சரி, பணம். பல்பையும் மீட்டர் படத்தையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "எலக்ட்ரிக் ஐட்டத்துக்கு வாரண்டி கிடையாது, டெமோ காட்டித்தானே குடுத்தேன்" என்றார். பில் என்று கையில் இருந்தது எஸ்டிமேட் சீட்டு, அதில் 'லைட் செட்' என்று மட்டும்தான் எழுதியிருந்தது. இது என் முட்டாள்தனம். 'யுவிபி பல்பு' என்று எழுதி ஜிஎஸ்டி பில் வாங்கியிருக்க வேண்டும். குரல் ஏறியதும், "கேஸ் போடுறதுன்னா பாண்டிக்குத்தான் நடக்கணும் தம்பி" என்று ஒரு மிரட்டல். அதுவும் பொய். 2019 நுகர்வோர் சட்டப்படி, நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் போடலாம், ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் பண்ணிப் பதிவு செய்தேன். அதற்குப் பிறகு கடையிலிருந்து அவர்களாகவே கூப்பிட்டு 4,000 தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். எக்ஸ்ரே, மருந்து, பஸ், ஆட்டோ என்று அதற்கு மேலேயே போயிருக்கிறது. கடலூரிலேயே மனு போட எழுதி வைத்திருக்கிறேன்.

பெரியவர் இப்போது நடக்கிறார். இடது பின்னங்கால் கோணல் இனி நிமிராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலை ஒன்பதரைக்கு மேல் கம்பிக்கூடையில் வைத்து, பாதி நிழல் விழும்படி மாடியில் இருபது நிமிஷம் வெயில் காட்டுகிறேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், காக்காய் விடாது.

ஊதா பல்பு அப்பாவின் மளிகைக்கடைக் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது. ஐந்நூறு ரூபாய் நோட்டு வந்தால் அதில் காட்டித்தான் உள்ளே போடுகிறார். நல்லாத்தான் வேலை செய்யுதாம்.