குடமுருட்டிக் கரையில் இரண்டு நாள் சித்தாந்த முகாம்: வகுப்பும் உழவாரமும்

திருவையாற்றுக்கு அருகே, குடமுருட்டிக் கரையோரச் சிற்றூர் ஒன்றில், அன்பர் குழு ஒன்று நடத்தும் இரண்டு நாள் சைவ சித்தாந்த முகாமுக்குச் சென்ற மாதம் போய் வந்தேன். உணவும் தங்குமிடமும் சேர்த்துக் கட்டணம் 1,200 ரூபாய். பதவி உயர்வு பெற்ற ஆண்டில் எவரையும் மதியாமலும், என்னினும் இளையவர் எனக்கு மேலே அமர்த்தப்பட்ட ஆண்டில் எவர் முகத்தையும் ஏறிட்டுப் பாராமலும் இருந்தவன் நான். முகாம் ஆணவத்தைப் பற்றியது என்றதும், என் நோயில் பாதிக்குத்தான் அங்கே மருந்து இருக்கும் என்று நினைத்தேன்.

முதல் நாள் காலை வகுப்பு அந்தக் கணக்கைத் திருத்தியது. ஆணவம் என்பதை நாம் செருக்கு என்ற பொருளில் மட்டுமே புழங்குகிறோம். சித்தாந்தமோ அதை அணு என்ற சொல்லோடு சேர்த்து, விரிந்து அறியும் இயல்புடைய உயிரை அணுவளவாகக் குறுக்கி வைக்கும் மலம், அதாவது உயிரைப் பற்றிய அழுக்கு, என்கிறது. அப்படியானால், ‘என்னைப் போல் உண்டா’ என்பவனும், ‘நான் எதற்கும் ஆகாதவன்’ என்று மூலையில் ஒடுங்குபவனும் ஒரே இருளில்தான் கிடக்கிறார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், கரும்பலகையும் சாக்கட்டியும் மட்டுமே கொண்டு இதை இரண்டு மணி நேரம் விளக்கினார். கட்டணம் அதற்கே தகும்.

பிற்பகல் அமர்வைப் பாராட்ட இயலவில்லை. ஒவ்வொருவராக எழுந்து தம் குறைகளைச் சபையில் சொல்ல வேண்டும் என்றார்கள். தம்மை யார் அதிகம் இகழ்ந்துகொள்வது என்று போட்டியே நடந்தது. (நானும் சளைக்கவில்லை.) நாற்பது பேருக்கு நான்கு கழிப்பறைகள் போதா. இரவு ரசம் அருமை.

மாலையில் அருகிலுள்ள திருப்பூந்துருத்திக்கு அழைத்துச் சென்றார்கள். திருஞானசம்பந்தர் முத்துச் சிவிகையில் வந்தபோது, வயதில் மிக மூத்த அப்பர் கூட்டத்துக்குள் புகுந்து சிவிகையைத் தோளில் தாங்கினார் என்று பெரியபுராணம் சொல்லும் ஊர் இது. அப்பர் எங்கே என்று சம்பந்தர் வினவ, கீழிருந்து அவர் விடை சொன்னதும், சம்பந்தர் பதறி இறங்கிவிட்டார். இதைப் பணிவுக்குச் சான்றாகப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால், பல்லவ மன்னன் அழைத்தபோது யாருக்கும் குடியல்லோம் என்று மறுத்துப் பாடியவரும் இவரே என்று ஆசிரியர் நினைவூட்டிய பிறகுதான், தம்மைச் சிறியவர் என்று எண்ணியவர் சுமந்த சிவிகை அல்ல அது என்று எனக்கு விளங்கியது. அரசன் முன் நிமிர்ந்ததற்கும் அடியார் முன் குனிந்ததற்கும் அவர் நின்ற இடம் ஒன்றே: சிவனுக்கு ஆள் என்பது.

மறுநாள் விடியலில் கிராமத்துச் சிவன் கோயில் பிராகாரத்தில் உழவாரப் பணி. அப்பர் கையில் ஏந்திய, புல் செதுக்கும் கருவியின் பெயரால் அமைந்த இந்தப் பணியில், எனக்குக் கோரையும் நெருஞ்சியும் மண்டிய ஒரு மூலை கிடைத்தது. “மேலாப்புல வெட்டாதீங்க தம்பி, கோரை கிழங்கோட வரணும்” என்று ஒரு பெரியம்மா கருவியை வாங்கிச் செய்து காட்டினார். அலுவலகத்தில் யாரேனும் இப்படித் திருத்தியிருந்தால் ஒரு வாரம் மனத்தில் உழன்றிருப்பேன்; அங்கே மதிலோரத்தில் வெயில் ஏறும்வரை என் நினைவே எனக்கு வரவில்லை.

பிற்பகல் அமர்வை நீக்கிவிட்டு, உழவாரத்தை இரு நாளும் வைக்கலாம் என்று கருத்துத் தாளில் எழுதிக் கொடுத்தேன். போர்வை கொண்டு செல்லுங்கள். ஆற்றங்கரைக் குளிர் கடுமை. மூட்டுவலி உள்ளவர்கள் முன்பே சொன்னால், பூத்தொடுக்கும் வேலை தருகிறார்கள்.