வெர்திக்கியோ: அந்தக் கடைசிக் கசப்புக்காகவே வாங்கலாம்

இத்தாலியின் கிழக்குக் கடற்கரையில் அங்கோனா. அங்கிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, யேசி ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளில் விளைகிறது வெர்திக்கியோ திராட்சை. அதிலிருந்து வரும் வெள்ளை ஒயினின் மஞ்சளில் லேசாகப் பச்சை ஓடும். பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல் வாசனை, நல்ல புளிப்பு. விழுங்கியதும் அடிநாக்கில் பாதாம் தோலின் கசப்பு நிற்கும். பாட்டில் கெட்டுவிட்டது என்று சிலர் திருப்பிக் கொடுப்பது இதனால்தான். கார்க்கால் கெட்டிருந்தால் நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் வரும். இந்தக் கசப்போ திராட்சையின் பிறவிக் குணம்.

லேபிளில் 'காஸ்தெல்லி தி யேசி கிளாசிகோ சுபீரியோரே' என்று இருக்க வேண்டும். கிளாசிகோ என்பது பழைய விளைநிலப் பகுதி. சுபீரியோரே என்றால் ஆல்கஹால் குறைந்தது 12 சதவீதம். இடை சிறுத்த ஜாடி போன்ற பாட்டிலை 1953இல் ஃபாட்சி பத்தாலியா என்ற ஒயின் நிறுவனம் கொண்டுவந்தது. இந்த ஒயினை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது அந்தப் பாட்டில்தான். மலிவுச் சரக்கு என்ற பெயர் ஒட்டிக்கொண்டதிலும் அதற்குப் பங்குண்டு. பாட்டில் அழகைப் பார்த்து வாங்காதீர்கள். கரோஃபோலி நிறுவனத்தின் 'போடியம்' ஓக் பீப்பாய் படாதது; திராட்சையின் ருசி தெரிய அது போதும்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, இல்லை குளிரோடு, ஊற்றினால் வாசனை அடங்கிப் புளிப்பும் கசப்பும் மட்டும் முன்னால் நிற்கும். கால் மணி நேரம் வெளியே வையுங்கள். 10 முதல் 12 டிகிரி சரி. அவசரமாகக் குளிர வைக்க ஐஸும் தண்ணீரும் சரிபாதி போட்ட வாளியில் 20 நிமிடம். வெறும் ஐஸ் என்றால் பாட்டிலில் அங்கங்கேதான் படும், நேரமாகும்.

சாப்பாட்டில் முதல் இடம் அங்கோனாவின் ஸ்தொக்காஃபிஸ்ஸோவுக்கு. உப்பில்லாமல் காயவைத்த காட் மீனை நாள்கணக்கில் ஊறவைத்து, உருளைக்கிழங்கு, தக்காளி, தாராளமாக ஆலிவ் எண்ணெய் சேர்த்துக் கிளறாமல் சிறுதீயில் வேகவிடுவார்கள். அடிப்பிடிக்காமலிருக்கப் பாத்திரத்தின் அடியில் நாணல் குச்சிகளைப் பரப்புவதும் உண்டு. அவ்வளவு எண்ணெயை அறுக்க இந்தப் புளிப்பு வேண்டும். கறி திணித்துப் பொரித்த அஸ்கோலி ஆலிவுக்கும் அதே கணக்கு. வினிகர் சேரும் மீன் குழம்பான புரொதெத்தோவுக்கும் தாங்கும். மெலிந்த வெள்ளை ஒயின்கள் அங்கே தண்ணீராகிவிடும்.

மிளகாய்க் காரத்தோடு வேண்டாம், ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும். இனிப்பு சாஸ் கசப்பைத் துருத்திக் காட்டும். கூடுதல் காலம் முதிரவைத்த, கனமான ரிசெர்வா வகையைப் பெருஞ்சீரகம் போட்டுச் சுட்ட முயல் கறிக்கு எடுத்துவையுங்கள். வேகவைத்த சிப்பிக்கு அது அதிகம்.