யானைக்கு மின்வேலியா, இடமாற்றமா?

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் பக்கம் செம்பனை மறுநடவு செய்கிறவர்களின் தலைவலி இது: இளங்கன்றைத் தின்ன வரும் யானையை என்ன செய்வது? சுடும் பேச்சுக்கே இடமில்லை. 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி யானை முழுப் பாதுகாப்பு பெற்ற விலங்கு.

செலவு
வேலி: பெரும்பாலும் தோட்டத்துக்காரர் கையைக் கடிக்கும்.
இடமாற்றம்: பாரம் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் தலையில். 1974-இலிருந்து இதற்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள்.

பராமரிப்பு
வேலி: விட்டு விட்டுப் பாயும் மின்துடிப்பு, உதைக்கும், கொல்லாது. ஆனால் லாலாங் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் போதும், மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும். புல் வெட்ட ஆள் இல்லையென்றால் வேலி வெறும் கம்பிதான். யானையும் லேசுப்பட்டதல்ல: மரத்தைக் கம்பிமேல் சாய்த்துவிட்டு நிதானமாக உள்ளே வந்து, கன்றின் குருத்தைப் பிடுங்கித் தின்னும்.
இடமாற்றம்: நமக்கு வேலையே இல்லை. மயக்க ஊசி போட்டு, பழக்கிய யானைகளின் துணையோடு லாரியில் ஏற்றி, தாமான் நெகாரா போன்ற பெருங்காட்டில் விடுவார்கள்.

நிலைப்பு
வேலி: கவனிக்கும்வரை நிற்கும்.
இடமாற்றம்: சில யானைகள் நடந்தே திரும்பிவிடும். கூட்டத்தில் ஒன்றைப் பிடித்தால் மற்றவை வராமலா இருக்கும்?

என் கணக்கில், காட்டோரத்தில் கூட்டம் நடமாடும் இளங்கன்றுத் தோட்டத்துக்கு வேலிதான். தனியாகத் திரியும் கொம்பன் தொழிலாளர் லயத்து வாசல்வரை வந்தால் யோசிக்காமல் துறைக்குப் போன் போடுங்கள்.