ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு பாலிசி

மாதம் ஐந்நூறு ரூபாய் கட்ட ஒரு ஆர்.டி. (மாதாமாதம் ஒரே தொகை கட்டும் சேமிப்புக் கணக்கு) வேண்டும் என்று கேட்டால், ஏசி அறையில் உட்காரவைத்து முக்கால் மணி நேரம் ஆயுள் காப்பீடு விற்பார்களா? மயிலாடுதுறையில் ஒரு வங்கிக் கிளையில் விற்றார்கள். பெயர் வேண்டாம். எல்லாக் கிளையிலும் இப்படி ஒரு டை கட்டிய தம்பி இருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

ஆர்.டி. எனக்கில்லை, பூக்கடை வைத்திருக்கும் சித்திக்கு. தம்பி ஐந்நூறை ஒரே மூச்சில் ஐயாயிரம் ஆக்கினார். "அஞ்சு வருஷம் கட்டினா போதும்மா, மார்க்கெட் லாபமும் வரும், லைஃப் கவரும் இருக்கு." அந்த ஐந்து வருடம் பணத்தைத் தொடவே முடியாது என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார். சித்தி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, நான் செத்தா வர்ற காசு எனக்கு எதுக்கு? பேத்திக்குத் தோடு வாங்கணும்" என்றார். அதற்கும் அவரிடம் ஒரு பாலிசி இருந்தது!

நான் குடியிருக்கும் சிங்கப்பூரின் வங்கிகளும் புண்ணியவான்கள் இல்லை. அங்கேயும் கடைத்தொகுதி வாசலில் மேசை போட்டு பாலிசி விற்பார்கள். ஆனால் 'வேண்டாம்' என்றால் விட்டுவிடுவார்கள். இங்கே 'வேண்டாம்' என்றால் மேனேஜரைக் கூப்பிடுகிறார்கள்.

கடைசியில் தபால் நிலையத்துக்கே போனோம். என் பெயரில் தொடங்க வழியில்லை, வெளிநாட்டில் குடியிருப்பவர்களுக்குச் சிறுசேமிப்புத் திட்டங்கள் கிடையாது. சித்தி பெயரில் ஆதார், பான், போட்டோ, நாமினி என்று மளமளவென்று முடிந்தது. மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம். ஐந்து வருடம், 6.7 சதவீத வட்டி. ஐந்நூறு வீதம் கட்டும் 30,000 முடிவில் ஏறக்குறைய 35,700 ஆகும். சிங்கப்பூரில் என் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 0.05 சதவீதம்தான். ரூபாய் சரிவதை நினைத்தால் பெருமூச்சு வரும், ஆனால் சித்தி சிங்கப்பூர் டாலரிலா செலவழிக்கப் போகிறார்?

அந்தக் காலத்தில் அட்டையோடு வீடு வீடாக வந்து தபால் ஆர்.டி. தவணையை வாங்கிப்போன மகளிர் முகவர் இன்னும் வருகிறார் என்பதில்தான் எனக்கு மகிழ்ச்சி. ஆள் மாறியிருக்கிறார், வேலை அதே. மொபைலிலேயே கட்ட ஏற்பாடு செய்கிறேன் என்றேன், சித்தி முறைத்தார்.

பூ வியாபாரத்தில் வருமானம் ஒரே சீராக வராது. புரட்டாசியிலும் மார்கழியிலும் கல்யாண மாலைக்கு ஆர்டர் இல்லை. தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம், ஐந்நூறுக்கு ஐந்து. நான்கு தவணைக்கு மேல் விட்டால் கணக்கு நின்றுபோகும், உயிர்ப்பிக்க இரண்டு மாதம்தான் அவகாசம். அதைவிட தை முகூர்த்தக் காசு கையில் இருக்கும்போதே ஆறு மாதத் தவணையை முன்கூட்டிக் கட்டிவிடலாம், மாதத் தவணையில் நூறுக்குப் பத்து ரூபாய் என்று மொத்தமாக ஒரு தள்ளுபடி உண்டு. சித்திக்கு ஐம்பது ரூபாய் மிச்சம். இதை எங்களுக்குச் சொன்னது கவுன்டரில் இருந்த அம்மாதான், நாங்கள் கேட்காமலேயே.