பழைய 303 துவக்கு வாங்க முன் போல்ட்டின் இலக்கத்தைப் பாருங்கள்

போன ஒக்டோபரில், பழைய துவக்குகள் விற்கும் ஒரு கடையில் 480 டொலர் கொடுத்து ஏமாந்தேன். ஒன்ராறியோவில்தான் அந்தக் கடை. பெயர் வேண்டாம். மான் வேட்டைக்குப் பாவித்த போல்ட் அக்‌ஷன் றைபிள், அதாவது போல்ட் என்ற உருளையைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் துவக்கு, தேடுகிறவர்கள் மட்டும் இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. இரண்டு மாதம் கொப்பியும் பேனையுமாக இருந்து ஒப்பிட்டேன். சாவேஜ் 110, 1958 முதல் இருக்கிறது, விலையும் கைக்கு அடக்கம். ரெமிங்டன் 700-க்கு நல்ல பெயர்தான். ஆனால் 2006 முதல் 2014 வரை ஒரு வகை விசையுடன் வந்தவை, விசையை இழுக்காமலே வெடிக்கக்கூடும் என்று 2014-இல் கம்பனியே திருப்பி அழைத்தது. பாவித்த 700 என்றால் செய்த ஆண்டைப் பார் என்று குறித்துக்கொண்டேன். முதலிடம் டிக்கா டி3எக்ஸுக்கு. வடக்கில் பனிக்குள் திரியும் கனேடிய ரேஞ்சர்கள் படைக்கு இப்போது கொடுத்திருக்கும் சி19 துவக்கு அதன் வழி வந்ததுதான். புதிது வாங்க ஆயிரம் டொலருக்கு மேல் போகும். அங்கேதான் என் புத்தி கொஞ்சம் சறுக்கியது.

சி19 வர முன் ரேஞ்சர்கள் வைத்திருந்தது லீ என்பீல்ட் 303. 1947-இல் அவர்கள் படை தொடங்கிய காலத்துத் துவக்கு! எழுபது வருடம் ஆர்க்டிக் குளிரில் வேலை செய்ததற்கு வேறென்ன சான்றிதழ் வேண்டும்? சின்ன வயதில் ஊரில் பொலிஸ்காரர் தோளில் தொங்கிய 303-உம் இதே குடும்பம்தான். சரி, ஆசையும் சேர்ந்துவிட்டது.

கடையில் இருந்தது லீ என்பீல்டில் நம்பர் 4 என்ற வகை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரொறன்ரோவுக்குப் பக்கத்து லோங் பிராஞ்சில் செய்தது. முன்பக்க மரத்தை வெட்டி வேட்டைக்கென்று மாற்றியிருந்தார்கள். குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன், சுத்தம். போல்ட் வெண்ணெய் மாதிரி ஓடியது. “எல்லாம் சோதித்தாயிற்று, ஆமிச் சாமான், ஒன்றும் ஆகாது” என்றார் கடைக்காரர். என் அனுமதிப்பத்திர இலக்கத்தை அவ்வளவு கவனமாகச் சரிபார்த்த மனிதர், துவக்கின் இலக்கத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

சுடுதளத்தில் முதல் பத்து வெடியும் நன்றாகவே போனது. பன்னிரண்டாவதில் போல்ட்டை இழுத்தால் வெடித்த தோட்டாவின் அரைக் கோதுதான் வெளியே வந்தது. மிச்சம் குழலின் அடியில் தோட்டா இருக்கும் அறைக்குள் சிக்கிவிட்டது. அடுத்த தோட்டா உள்ளே போகவில்லை. பக்கத்தில் நின்ற எங்கட ஊர் அண்ணை ஒருவர் வந்து நிலத்தில் கிடந்த கோதுகளைப் பொறுக்கிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே மினுங்கும் வளையம். “தம்பி, இனி உதாலை சுடாதை, வை கீழை,” என்றார்.

காரணம் இதுதான். 303 தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. அந்த விளிம்பு முன்னால் முட்டி நிற்கும் இடத்துக்கும் போல்ட்டின் முன்முனையில் கழற்றிப் பூட்டும் போல்ட் தலைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி கூடினால், வெடிக்கும்போது கோது பின்னுக்கு இழுபட்டு மெலிந்து கடைசியில் அறுந்துவிடும். அதைச் சரிசெய்யத்தான் நம்பர் 4-க்கு 0, 1, 2, 3 என்று நான்கு அளவில் போல்ட் தலைகள் செய்தார்கள். துவக்குத் திருத்துபவரிடம் கொண்டுபோனேன். அந்த இடைவெளிக்கு ராணுவம் அனுமதித்த உச்ச அளவு 0.074 அங்குலம். அந்த அளவுகோலைப் போட்ட பிறகும் போல்ட் தடையில்லாமல் மூடியது. தலையைக் கழற்றினால் அதில் 3 என்று இருக்கிறது! அதற்கு மேல் பெரிய தலை இல்லை.

அப்புறம் அவர் பிடங்கின் கழுத்துப் பக்கம் இடப்புறத்தில் இருந்த இலக்கத்தையும் போல்ட் கைப்பிடியின் அடியில் இருந்த இலக்கத்தையும் காட்டினார். இரண்டும் வேறு வேறு. எந்தத் துவக்கிலோ கழற்றிய போல்ட்டை இதில் சொருகி, ஆகப் பெரிய தலையைப் பூட்டி விற்றிருக்கிறார்கள்.

கடைக்குத் திரும்பிப் போனேன். வீட்டில் நிரப்பிய தோட்டாவா பாவித்தாய் என்று முதலில் என்மேல் பழி. கடையில் வாங்கிய புதுப் பெட்டியைக் காட்டியதும் பற்றுச்சீட்டின் அடியில் எறும்பு மாதிரி எழுதியிருந்த வரியைக் காட்டினார்: உள்ளபடியே விற்பனை, திருப்பி எடுக்க மாட்டோம்.

என் பிழை எங்கே என்றால், இரண்டு மாதம் நான் ஒப்பிட்டது பெயர்களை. வாங்கியதோ எண்பது வருடம் பலர் கைமாறிய ஒரு துவக்கை. அதை ஒப்பிட எனக்குப் பத்து நிமிடம் போதும், இரண்டு இலக்கமும் ஓர் அளவுகோலும் பார்த்திருந்தால். அளவுகோல் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் வெளியே வந்துவிடுங்கள். திருப்பி எடுப்பதைப் பற்றிப் பற்றுச்சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் காசு கொடுக்க முன் வாசியுங்கள்.

அன்று அந்தக் கடையின் சுவரில் இன்னும் மூன்று 303 நின்றன. வெளிக்கிட முன் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒன்றின் போல்ட்டில் இலக்கத்தையே அரம் போட்டு அழித்திருந்தார்கள்.